ஆறு பள்ளிக்கூடம் பார்த்தவள்

எங்கள் ஊர்க் கடலில் மீன் இடம் மாறிய வருஷம் நான் எழுதிய டி.சி.களுக்கு அளவே இல்லை. நூறு தாள் உள்ள புத்தகம் ஒன்று வழக்கமாக எனக்கு இரண்டு வருஷம் வரும். அந்த வருஷம் ஐந்தே மாதத்தில் தீர்ந்தது. தண்ணீர் சூடாகிவிட்டது, மீன் கூட்டம் வடக்கே நகர்ந்துவிட்டது என்றார்கள். மீன் போனதும் படகுகள் போயின. படகுகள் போனதும் டின் மீன் கம்பெனி தன் மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்ற ஆரம்பித்தது. மெஷின் பின்னாலேயே ஆட்கள் கிளம்பினார்கள். அந்த ஆட்களின் பிள்ளைகளுக்கு டி.சி. எழுதிக் கொடுப்பது என் வேலை. பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் குடியிருந்த வீட்டின் மாடியில் டீச்சர் குடும்பம். டீச்சர் எங்கள் பள்ளியில்தான் ஏழு பி-க்கு அறிவியலும் பூகோளமும் எடுத்தாள். அவள் புருஷன் கம்பெனியில் மெக்கானிக். டின்னுக்கு மூடி அமுக்குகிற மெஷின் அவர் பொறுப்பு. கம்பெனி கேட்டைத் தாண்டும்போதே எந்த மெஷினில் கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். வீட்டில் மட்டும் எந்தச் சத்தமும் அவர் காதில் விழாது என்று டீச்சர் கிண்டல் பண்ணுவாள். இரண்டு பேருக்கும் ஒரே பெண். அவளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிட்டோம். டீச்சரின் வகுப்பிலேயே படித்தாள். வீட்டில் அம்மா, பள்ளியில் டீச்சர் என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டு, சில நாள் சாப்பாட்டு மேஜையில் "டீச்சர், உப்பு" என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறாள்.

கம்பெனி அனுப்பிய முதல் பட்டியலிலேயே மெக்கானிக்கின் பெயர் இருந்தது. ஒன்றாம் தேதிக்குள் வடக்குத் துறைமுகத்தில் போய்ச் சேர வேண்டும். டீச்சர் முடியாது என்றுவிட்டாள். அதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். அவள் அப்பா ரோடு போடுகிற வேலை. ரோடு எங்கே முடிகிறதோ அங்கே கூடாரம். பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஆறு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். தன் பெண் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து அதே பள்ளிக்கூடத்தில் முடிப்பாள் என்று, வாலு பிறப்பதற்கு முன்னாலேயே முடிவு பண்ணிவிட்டாள்.

அந்த ஆறு பள்ளிக்கூடக் கதைகளை டீச்சர் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டாவது பள்ளியில் வேறொரு பெண் என்று நினைத்து இவளுக்கு ஓட்டப்பந்தயப் பரிசைக் கொடுத்துவிட்டார்களாம், இவளும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாளாம். நாலாவது பள்ளியில் பாடம் வேறு மொழியில். யார் என்ன கேட்டாலும் எழுந்து "உள்ளேன்" என்று சொல்லியே மூன்று மாதத்தை ஓட்டினாளாம். சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்புத் தாங்காது. வகுப்பில் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி நச்சரிப்பார்கள். வாலு முதல் வரிசையில் உட்கார்ந்து, வீட்டில் நூறு தடவை கேட்ட கதையை வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், டீச்சர் மைதானத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து மெக்கானிக் ஆபீஸுக்கு வந்தார். கையை எத்தனை தடவை கழுவினாலும் போகாத மீன் வாடை அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. ஜன்னல் வழியாக மைதானத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"அக்கா, வாலுவுக்கு டி.சி. வேணும்."

"டீச்சருக்குத் தெரியுமா?"

"அங்க ஃபேமிலி குவார்ட்டர்ஸ் குடுக்கணும்னா, பிள்ளைய அந்த ஊர் ஸ்கூல்ல சேக்கப் போறோம்னு அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதிக்குள்ள காட்டணுமாம். இல்லன்னா நாலு பேரோட ஒரு ரூம்தான். அப்புறம் வருஷக்கணக்கா கிடைக்காது. நான் மட்டும் போய் ஒரு மூலைல படுத்துக்கிறதா சொல்லுங்க?"

"நான் கேட்டது டீச்சருக்குத் தெரியுமான்னு."

"நானே சொல்லிக்கிறேன் அக்கா. கொஞ்சம் நேரம் பாத்து சொல்லணும். ரெண்டு நாள் குடுங்க."

அப்பா கையெழுத்து இருந்தால் போதும் என்பதுதான் விதி. விதியைக் காட்டி என் மனசாட்சியைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன். எழுதினேன். ஹெச்.எம். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர், பெயரைப் படிக்கவில்லை. அது அந்தப் புத்தகத்தின் நூறாவது தாள். அசலைக் கிழித்து மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பெயர், வகுப்பு, போகிற ஊர் எழுதிய அடிக்கட்டைகள் மட்டும் மிஞ்சிய புத்தகத்தைக் கயிறு போட்டுக் கட்டி, அலமாரியில் தீர்ந்துபோன பழைய புத்தகங்களோடு வைத்தேன். கைப் பழக்கம், வேறொன்றுமில்லை.

இரண்டு நாள் என்றவர் எட்டு நாள் ஆகியும் வாயைத் திறக்கவில்லை. மாடிப்படியில் என்னைப் பார்த்தால் சட்டைப் பையில் எதையோ தேடுவார். அந்த வாரம் முழுக்க ஊரில் கடல்காற்று. எந்தக் கதவும் சாத்தின இடத்தில் நிற்கவில்லை. மாடியில் மூன்று பேரும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டது போல நடந்துகொண்டே இருந்தார்கள். எந்த நடை யாருடையது என்று கீழே உட்கார்ந்தே எனக்குத் தெரியும். டீச்சர் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பாள். மெக்கானிக் ஒரே அறைக்குள் சுற்றுவார். வாலு ஓடுவாள், நிற்பாள், மறுபடி ஓடுவாள். எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்கூடக் கணக்குப்படி அந்தப் பெண் எங்கள் மாணவியே இல்லை. அது தெரிந்த நான் தினமும் காலையில் அவளுக்கு முன்னால் நடந்துபோய்ப் பள்ளி கேட்டைத் திறந்தேன்.

டீச்சர் மட்டும் உற்சாகமாக இருந்தாள். சாயங்காலம் டீயும் வேகவைத்த உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு கீழே வருவாள். இடம்பெயர்தல் பற்றிய பாடம் ஆரம்பித்திருந்தாள், அதைப் பற்றியே பேசுவாள். பறவைகள் கிளம்புவதற்கு முன்னால் மூக்கு முட்டத் தின்று உடம்பை ஏற்றிக்கொள்ளுமாம். கூண்டில் அடைத்த பறவைகூட, போகிற பருவம் வந்துவிட்டால் சும்மா இருக்காதாம். எந்தத் திசைக்குப் போக வேண்டுமோ அந்தத் திசைப் பக்கம் கம்பியில் போய்ப் போய் மோதுமாம். ஒரே கூட்டத்தில் சில பறவை போகும், சில பறவை அங்கேயே தங்கிவிடும், அதுவும் உண்டாம். "நான் தங்குற ஜாதி அக்கா," என்று சொல்லி டீயைக் குடித்தாள். நான் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தேன். இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம், நமக்கு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் பயம்தான்.

பிள்ளைகளுக்கு நான்கு நாளில் பறவை அலுத்துவிட்டது. திமிங்கிலமும் அலுத்துவிட்டது. ஒரு பையன் எழுந்து, நம் ஊரை விட்டுப் போகிறவர்களைப் பற்றிச் சொல்லுங்கள் டீச்சர் என்று கேட்டானாம். அவன் பக்கத்துப் பெஞ்சில் அந்த மாதம் மட்டும் மூன்று இடம் காலி. டீச்சருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. புதன்கிழமை இரண்டாவது பீரியட் மணி அடிக்கிற நேரத்தில் ஆபீஸுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, பழைய டி.சி. புக்கெல்லாம் ஒரு மணி நேரம் குடுங்க. யார் எந்த ஊருக்குப் போனாங்கன்னு பசங்களையே எண்ணச் சொல்லப் போறேன். பேரு படிக்கக் கூடாதுன்னு சொல்லிடறேன். ஊரும் வகுப்பும் மட்டும்தான்."

நான் அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டிய புள்ளிவிவரத்தில் தலையைப் புதைத்திருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "அலமாரில கட்டி வெச்சிருக்கேன், எடுத்துக்கோ," என்றேன்.

பத்து நிமிஷம் கழித்து ஒரு தகப்பன் டி.சி. கேட்டு வந்தார். புதுப் புத்தகத்தை எடுத்து முதல் தாளைப் பிரித்தேன். அதில் எண் நூற்றொன்று என்று போட்டேன். போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. நூறாவது தாளின் அடிக்கட்டை அந்தக் கட்டோடு ஏழு பி-க்குப் போயிருக்கிறது. வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு ஓடினேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அந்த வராந்தாவில் ஓடி யாரும் பார்த்ததில்லை.

ஏழு பி-யில் ஒரே கும்மாளம். சுவரில் பெரிய வரைபடம். பிள்ளைகள் நாலு நாலு பேராகத் தரையில் உட்கார்ந்து கூட்டத்துக்கொரு புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒருவன் ஊரையும் வகுப்பையும் படிப்பான், இன்னொருத்தி கலர் பேப்பரில் வெட்டிய அம்பைக் கொண்டுபோய் ஒட்டுவாள். எங்கள் ஊரிலிருந்து வடக்கே போகிற இடத்தில் அம்பு மேல் அம்பாக ஒட்டிக் காகிதம் தடித்துப்போயிருந்தது. வாலு விரலெல்லாம் பசையோடு வரைபடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். டீச்சர் என்னைப் பார்த்து, உள்ளே வாங்க அக்கா என்று கையைக் காட்டினாள். நான் வாசலில் நின்று எந்தப் புத்தகம் யார் கையில் என்று தேடினேன்.

ஜன்னலோரக் கூட்டத்தில் கடைசித் தாளுக்கு வந்திருந்தார்கள். "வடக்குத் துறைமுகம், ஏழு பி," என்று படித்த பையன் நிறுத்தினான். ஏழு பி நம்ம வகுப்பாச்சே என்று இன்னொருத்தன் சொன்னான். நம்மில் யார், நம்மில் யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. படிக்கக் கூடாது என்ற பெயரை அந்தப் பையன் வாய் விட்டுப் படித்துவிட்டான்.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தையும் வாங்கிப் பார்க்கவில்லை. வாலுவைத்தான் பார்த்தாள். வாலு கையிலிருந்த அம்பின் முனையைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து ஒட்டிக்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை. தன் பெயரைக் கேட்ட பிள்ளை ஏன் திரும்பவில்லை என்று எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. டீச்சருக்கு எனக்கு முன்னால் உறைத்துவிட்டது.

"இதையும் ஒட்டணுமா டீச்சர்?" என்று ஜன்னலோரப் பையன் கேட்டான்.

"ஒட்டணும். எண்ணிக்கை தப்பாயிடும்ல," என்றாள் டீச்சர். அதற்குப் பிறகும் இருபது நிமிஷம் பாடம் நடத்தினாள். உணவு, குளிர், குஞ்சு பொரிக்க இடம் என்று விலங்குகள் கிளம்புவதற்கான காரணங்களைக் கரும்பலகையில் எழுதினாள். மனிதர்களுக்கு என்று ஒரு பக்கம் கோடு போட்டாள், அதன் கீழே மணி அடிக்கும் வரைக்கும் ஒன்றும் எழுதவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வாலு வந்து, அம்மா கூப்பிடுகிறாள் என்றாள். மாடியில் அடுப்பு பற்றவைக்கவில்லை. மெக்கானிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் அந்த டி.சி. இருந்தது, காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் உப்பு டப்பாவை வைத்திருந்தார்கள். எட்டு நாளாக அது அவருடைய சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது.

"அக்கா, எட்டு நாள் என் கையால டீ வாங்கிக் குடிச்சீங்க," என்றாள் டீச்சர்.

தப்புதான் என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மெக்கானிக், அக்காவைச் சொல்லாதே, நான்தான் வாங்கினேன் என்றார். சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்ததாகவும், தினமும் அவள் அந்தப் பறவைக் கதையை எடுத்துக்கொண்டு வந்ததால் முடியாமல் போனதாகவும் சொன்னார். அவர் குரல் கேட்கவே பாவமாக இருந்தது. வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"நான்தான் வாங்கச் சொன்னேன்," என்றது வாலு.

டீச்சர் மெதுவாகத் திரும்பினாள். "எதுக்கு?"

"எனக்குப் போகணும்."

"இங்க என்ன குறைச்சல் உனக்கு? உன் பெஞ்சு இருக்கு, உன் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. எனக்குக் கிடைக்காததெல்லாம் உனக்குக் கிடைக்கணும்னுதானடி இத்தனை வருஷம் இந்த ஊர்லயே கிடக்கிறேன்."

"நீ ஆறு ஸ்கூல் பாத்துட்ட. நான் ஒண்ணே ஒண்ணுதான் பாத்திருக்கேன்."

"ஆறும் நரகம்டி."

"நீ அப்படிச் சொன்னதே இல்லையேம்மா. சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவ. எனக்குச் சொல்றதுக்கு ஒரு கதைகூட இல்ல."

மெக்கானிக் ஏதோ சொல்ல வந்தார், நான் கண்ணைக் காட்டி அடக்கினேன். வாலு அழவும் இல்லை, முறைக்கவும் இல்லை. இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், உப்பு டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

முடிவை டீச்சர் மறுநாள் காலையில் சொன்னாள். அப்பாவும் பெண்ணும் போகட்டும். என்னைக் கேட்காமல் டி.சி. வாங்கினவர்கள் என்னைக் கேட்காமலே போய்க்கொள்ளட்டும், நான் வரவில்லை என்றாள். அவளுக்கு மாற்றல் கேட்க வழி இருந்தது. கேட்கவும் மாட்டேன் என்றாள். அவளுடைய பிடிவாதம் எனக்குத் தெரியும், மெக்கானிக்குக்கு என்னைவிடக் கூடுதலாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்ட நானும் போனேன். பாத்திரத்தைப் பிரிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு தட்டு அங்கே, ஒன்று இங்கே. பெரிய சட்டி யாருக்கு என்பதில் ஆளாளுக்கு விட்டுக்கொடுத்து அது நடு அறையிலேயே கிடந்தது. மெக்கானிக் அடுப்பைத் துடைத்துத் திருகாணிகளை இறுக்கிவிட்டார், தான் போன பிறகு கேஸ் கசியக் கூடாது என்று. டீச்சர் வாலுவின் துணிகளை மடித்தாள். மடித்துக்கொண்டே தன் ஆறு பள்ளிக்கூடத்தையும் மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

ஓட்டப்பந்தயப் பரிசை மறுநாள் பிரேயரில் எல்லோர் முன்னாலும் திருடி என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். மூன்றாவது பள்ளியில் பாத்ரூம் எங்கே என்று கேட்கப் பயந்து வகுப்பிலேயே பாவாடையை நனைத்துக்கொண்டாளாம். நாலாவது பள்ளியில் 'உள்ளேன்' என்றுதான் அவளுக்குப் பெயரே. அந்தப் பெயர் ரோடு போடுகிற இடம் வரைக்கும் பின்னாலேயே வந்ததாம். ஐந்தாவதில் மத்தியானம் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்று குழாயடியில் நின்றே சாப்பிட்டாளாம். இத்தனை வருஷம் அவளோடு சேர்ந்து இந்தக் கதைகளுக்கு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். பெண்ணைப் பயமுறுத்தத்தான் சொல்கிறாள் என்பது புரிந்தது. சொல்வது அத்தனையும் நிஜம் என்பதும் புரிந்தது.

வாலு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. கடைசியில், "அப்புறம் எந்த நாள் சரியாகும்?" என்று கேட்டது.

டீச்சர் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "நாலாவது நாள். மூணு நாள் எப்படியாவது தாங்கிடணும். நாலாவது நாளும் அழுகை வந்துச்சுன்னா அது நமக்கு ஒத்துவராத இடம். நாலாவது நாள் சாயங்காலம் நாலு மணிக்கு எனக்கு ஃபோன் பண்ணு. வந்துடறேன்னு மட்டும் சொல்லு, ஒரு கேள்வி கேக்க மாட்டேன். அன்னைக்கே பஸ் ஏறி வந்து கூட்டிட்டு வந்துடுவேன்."

திரும்பி என்னிடம், மறுபடி சேர்க்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். ஐந்து நிமிஷம் என்றேன்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ் போய்விட்டது. டீச்சர் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை, முதல் பீரியட் இருக்கிறது என்றாள். செவ்வாய்க்கிழமை அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டதாக மெக்கானிக் பேசினார். புதன், வியாழன் இரண்டு நாளும் டீச்சர் தானாகக் கூப்பிடவில்லை. பேச்சு பேச்சாக இருக்க வேண்டும் என்றாள். ஏழு பி-யில் முதல் வரிசையில் அந்த இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. உட்காரப்போன ஒரு பெண்ணை, கண் பார்வை சரியில்லை என்று அவள் அம்மா கடிதமே கொடுத்தும், இரண்டாவது வரிசைக்கு அனுப்பினாள். என்னிடம் பஸ் நேரமெல்லாம் எழுதிக் காட்டினாள். ஆறே காலுக்கு ஏறினால் விடிகாலையில் அங்கே. பெண் திரும்பி வந்துவிடுவாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு ஆபீஸில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பையில் மாற்றுப் புடவையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தது. ஃபோனை மேஜை நடுவில் வைத்தாள். நாலு அடித்தது. பள்ளி விட்டு வீட்டுக்குப் போக நேரமாகும் என்றேன். நாலரைக்கு எழுந்து ஜன்னல் வரைக்கும் போனாள், வந்தாள், சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். ஐந்துக்கு, என் ஃபோனிலிருந்து அவளுக்குக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள், மணி அடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அடித்தது. ஆபீஸைக் கூட்டிப் பெருக்க வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் வெறும் தாளில் முத்திரையைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன், மை இருக்கிறதா என்று.

ஐந்தே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. மெக்கானிக். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டாள், அவசரத்தில் தெரியாமல் பட்டிருக்கலாம். இப்போதுதான் வேலையிலிருந்து வந்தேன் என்றார். நாலு மணிக்கு வாலு பேசினாளா என்று அவர்தான் முதலில் கேட்டார்.

"பேசலையே. அவ எங்க?"

"பையைத் தூக்கிப் போட்டுட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களோட படகுலேர்ந்து மீன் இறக்கறதப் பாக்க ஓடிட்டாளாம். பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. உனக்கு ஃபோன் பண்ணணும்கிறதே மறந்துட்டா போலிருக்கு. இரு, நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"வேண்டாம்."

"ரெண்டு நிமிஷம், இங்கதான்."

"கூப்பிடாதீங்க. விளையாடட்டும்," என்றாள். ஃபோனை வைத்துவிட்டாள்.

நான் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன். குடிக்கவில்லை. வெளியே தகரக் கூரை ஏதோ ஒன்று காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் மேஜையில் கிடந்த முத்திரைத் தாளைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நாலாவது நாள்னு சும்மா சொன்னேன் அக்கா. எனக்கு ஆறு ஸ்கூல்லயும் எந்த நாளும் சரியாகல. அவளுக்கும் ஆகாதுன்னு நெனச்சேன். ஆகக் கூடாதுன்னுகூட நெனச்சேன்."

அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் நின்றேன், தோளைத் தொடலாமா என்று தெரியவில்லை, தொட்டேன். தட்டிவிடவில்லை. பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மாற்றல் படிவம் இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில் பெயர், வகுப்பு, பாடம் எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பினாள். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"இதுல என்ன எழுதுவாங்க அக்கா?"

"கணவரின் பணியிடம்னு எழுதுவாங்க. எல்லாரும் அதான் எழுதறது."

எழுதினாள். எழுதியதை ஒரு தரம் படித்துப் பார்த்தாள்.

"பொய்தான். என்ன பண்றது," என்றாள். "பொண்ணு என்னை மறந்துட்டா, அதனால போறேன்னா எழுத முடியும்?"